இரண்டு மாதம் தங்க எந்த ஊர்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 62, கணவருக்கு 66. ஆறு வருடம் முன்பு பேக்கேஜ் டூரில் ஐரோப்பா போய், பாதிப் பயணத்தைப் பஸ்ஸிலேயே தூங்கிக் கழித்தோம். இந்த முறை ஒரே ஊரில் இரண்டு மாதம் நிதானமாக இருக்க ஆசை. அவர் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்கிறார். நான் இத்தாலியின் லூக்கா என்கிறேன். எனக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம். எது சரி?
- கோவை வாசகி

பதில்: உங்கள் பக்கம்தான் என் ஓட்டு. கணவரிடம் இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஹால்ஸ்டாட் அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சீனாவில் அதை அப்படியே நகலெடுத்து 2012-ல் ஒரு குடியிருப்பே கட்டித் திறந்தார்கள். ஆனால் அசல் ஊரில் இருப்பவர்கள் சுமார் 750 பேர். சீசனில் ஒரே நாளில் வந்து போகிறவர்களோ ஆயிரக்கணக்கில். மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிய ஊர் என்பதால் சற்று நகர்ந்தாலே படிக்கட்டு. ரயில் நிலையம் ஏரிக்கு அக்கரையில். ரயிலில் வந்தால் அங்கிருந்து படகில்தான் ஊருக்கு வர வேண்டும். நாலாம் நாள் முழங்காலுக்குத் தைலம் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? நீண்ட நாள் தங்க ஊர் தேடும்போது நான் பார்ப்பது இதைத்தான்: சுற்றுலாக்காரர்களே வராவிட்டாலும் அந்த ஊரில் கடை திறந்திருக்குமா?

லூக்காவில் திறந்திருக்கும். பள்ளிக்கூடம், மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்காக நடக்கிற ஊர் அது. மதியம் சில மணி நேரம் பல கடைகள் மூடிவிடும், நீங்களும் தூங்கிவிடுங்கள். ஊர் சமதரை. சுற்றிலும் நாலு கிலோமீட்டர் மதில். பீரங்கிக்கு அஞ்சிக் கட்டியது. கடைசியில் 1812-ல் ஆற்று வெள்ளம் வந்தபோதுதான் கதவை அடைத்து ஊரைக் காப்பாற்றியது. இன்று அதன் மேல் மரநிழலில் அகலமான நடைபாதை. சரிவுப்பாதையில் ஏறிவிட்டால் பிறகு படியே இல்லை. இரண்டு மாதமும் மாலை நடைக்கு அது ஒன்றே போதும். அலுத்தால், தெற்கு மதிலுக்கு வெளியே ரயில் நிலையம்: பீசாவுக்கு அரை மணி, ஃபுளோரன்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி.

சாப்பாட்டில் உங்களுக்கு ஒரு ஆறுதல், செச்சீனா. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்போடு கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றிச் சுடுவது. நம் வீட்டு அடைக்குத் தூரத்துச் சொந்தம், முட்டை கிடையாது. ஆனால் பருப்பு சூப் என்று நம்பிக் குடிக்காதீர்கள், பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கலாம். பார்மஜானோ சீஸிலும் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் உண்டு. சமையலறை உள்ள வீடாகவே பாருங்கள். குட்டி குக்கர் ஒன்றைப் பெட்டியில் போடுங்கள்.

வீடு பிடிக்கும்போது படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். நான் ஒருமுறை 'மாடி வீடு, நல்ல காற்று' என்ற வரியை நம்பி 74 படி ஏறியிருக்கிறேன். முதலில் ஒரு வாரத்துக்கு எடுத்து, பிடித்தால் நீட்டிப்பது நல்லது என்பார்கள். உங்களுக்கு அது ஒத்துவராது. விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் அதிகபட்சம் 90 நாள்தான் இருக்கலாம். உங்கள் 60 நாள் அதில் அடங்கும். அதிக நாள் தங்குவது இத்தாலி என்பதால் இத்தாலிக்கே விண்ணப்பியுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது பெரும்பாலும் செல்லாது என்பதால், இரண்டு மாத மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் கைப்பையில் வையுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். ஜூலையில் இசை விழா, அக்டோபர் கடைசியில் காமிக்ஸ் விழா. அப்போது ஊர் கொள்ளாது, வாடகையும் எகிறும்.

கணவரை ஏமாற்ற வேண்டாம். திரும்பும் விமானத்தை மியூனிக்கிலிருந்து போட்டு, வழியில் ஹால்ஸ்டாட்டில் இரண்டு இரவு தங்குங்கள். பகல் கூட்டம் பஸ் ஏறிப் போனபிறகு ஏரிக்கரை அவருக்கே. பெட்டியைப் படகில் ஏற்றும் வேலையும் அவருக்கே.