காது கேளாமையை மறைக்காதீர்கள், சம்பளத்தையும் குறைத்துக் காட்டாதீர்கள்

வாசகி கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மகள் இந்த வருஷம் மெட்ரிக் (12ஆம் வகுப்பு). சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது, மெஷின் வைத்திருக்கிறாள். படிப்பில் கெட்டிக்காரி. கணவருக்கு மாதம் 22,000 ராண்ட் சம்பளம், எனக்கு 13,500. இந்த வருமானத்துக்கு என்எஸ்ஃபாஸ் (தென்னாப்பிரிக்க அரசின் மாணவர் உதவித்தொகை) கிடைக்காது என்கிறார்கள். நானும் கணவரும் பிரிந்துவிட்டதாக அஃபிடவிட் எழுதி, அவர் சம்பளத்தை மறைத்து, 3,000 ராண்டுக்கு எல்லாம் முடித்துத் தருவதாக போட்டோகாப்பி கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். முன்பணம் 500 ராண்டும் ஐடி நகல்களும் கொடுத்துவிட்டேன். காது விஷயத்தை ஃபாரத்தில் எழுதினால் யுனிவர்சிட்டியில் சேர்க்க மாட்டார்கள் என்றும் சொல்கிறார். நாம் இந்தியர், எப்படியும் தர மாட்டார்கள் என்பது என் மைத்துனர் வாதம். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, முதலில் அந்தக் கடைக்காரரிடம் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் மறைக்கச் சொல்கிற காதுக் குறைதான் உங்கள் மகளுக்கு உதவித்தொகையை வாங்கித் தரப்போகிறது. உண்மையைச் சொன்னாலே கிடைக்கக்கூடிய ஒன்றுக்காகக் காசு கொடுத்துப் பொய் சொல்லப் பார்க்கிறீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 35,500, வருஷத்துக்கு 426,000 ராண்ட். என்எஸ்ஃபாஸ் சாதாரணமாக வைத்திருக்கிற எல்லை 350,000. வரி பிடிப்பதற்கு முன்னால் உள்ள தொகையைத்தான் பார்ப்பார்கள். அந்த எல்லையை நீங்கள் தாண்டிவிட்டீர்கள், உண்மைதான். ஆனால் மாற்றுத்திறனாளி மாணவருக்கு எல்லை 600,000 ராண்ட். உங்கள் வருமானம் அதற்குள் தாராளமாக அடங்குகிறது. இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு 3,000 ராண்ட் வராது.

350,000 என்ற கோடு 2018இல் போட்டது. 2017 டிசம்பர் 16 அன்று அப்போதைய ஜனாதிபதி ஜூமா அறிவித்தார், அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 122,000 ஆக இருந்ததைப் பார்த்தால் அது பெரிய தாவல்தான். அதற்குப் பிறகு ரொட்டி, பெட்ரோல், மின்சாரம் எல்லாம் ஏறிவிட்டன, கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஃபேக்டரியில் ஒருவரும் ஆபீசில் ஒருவரும் வேலை பார்க்கும் குடும்பத்தைப் பணக்காரக் குடும்பம் என்று ஒதுக்கிவிட்டு, அப்புறம் ஏன் பொய் அஃபிடவிட் வருகிறது என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

இப்போது அந்த 600,000 பற்றி விரிவாகச் சொல்கிறேன். நம் குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

"மெஷின் வைத்தால் கேட்கிறதே, இதெல்லாம் ஊனமா?" என்று நீங்களே கேட்கலாம். வீட்டில், எதிரில் உட்கார்ந்து பேசும்போது கேட்கும். இருநூறு பேர் உட்காரும் லெக்சர் ஹாலில், பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு ஆசிரியர் பேசும்போது கேட்குமா? நீடித்து இருக்கிற, படிப்பைத் தொடர்வதற்குத் தடையாக இருக்கிற குறை என்பதுதான் இங்கே பொருள். மெஷின் இருப்பதால் அந்தக் குறை இல்லாமல் போய்விடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. அரசின் சமூக உதவி அமைப்பான சாசா கொடுக்கிற ஊனமுற்றோர் மானியம் வாங்கினால்தான் இதில் சேர முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மானியம் வேலை செய்ய முடியாத நிலையில் இருப்பவர்களுக்கானது. உங்கள் மகளுக்கு அது இல்லாவிட்டாலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். அதேபோல், வரி விலக்குக்காக வரித்துறையான சார்ஸிடம் கொடுக்கும் ஊனச் சான்றுப் படிவம் வேறு. அது உங்களிடம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதற்கும் முயலுங்கள். காது மெஷின் செலவுக்கு வரியில் சலுகை கேட்க உதவும். ஆனால் என்எஸ்ஃபாஸுக்கு அதைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு படிவம் இருக்கிறது, ‘அனெக்ஷர் ஏ’ என்பார்கள். பதிவு பெற்ற மருத்துவரோ ஆடியாலஜிஸ்டோ அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்து வாங்கப் போகும்போது, "இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு" என்று ஒரு வரியோடு எழுதி முடிக்க விடாதீர்கள். வகுப்பில் என்ன ஆகிறது, எவ்வளவு தூரத்தில் பேச்சு புரியாமல் போகிறது, பரீட்சையில் என்ன வசதி தேவை, என்ன கருவி தேவை என்பதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். இந்த உதவித்தொகையில் கட்டணம், தங்குமிடம், புத்தகம் ஆகியவற்றோடு குறைக்குத் தேவையான கருவிகளுக்கும் ஆள் உதவிக்கும் இடமுண்டு. மருத்துவர் எழுதாததை எந்த அதிகாரியும் தானாகச் சேர்க்கமாட்டார். கருவியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பணம் கேட்கவும் வேண்டாம். விலைப்பட்டியல் வாங்கி, அனுமதி கிடைத்த பிறகு வாங்குங்கள்.

பள்ளியில் அவளுக்குக் கூடுதல் நேரமோ முன் வரிசை இடமோ கொடுத்திருப்பார்கள். அது தானாக யுனிவர்சிட்டிக்குத் தொடராது. சேர்ந்த முதல் வாரத்திலேயே மாற்றுத்திறனாளர் உதவிப் பிரிவில் பதிய வேண்டும். எல்லா யுனிவர்சிட்டியும் இதில் ஒரே தரத்தில் இல்லை. 2018இலேயே உயர்கல்வித் துறை இதற்கென்று ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. 2023 ஜூலையில் தென்னாப்பிரிக்க சைகை மொழி 12ஆவது ஆட்சி மொழியும் ஆகிவிட்டது. தாளில் இத்தனை இருந்தும் வகுப்பறையில் மைக் கேட்டு வாங்க ஒரு பெண் மூன்று கட்டடம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்றால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

குறையை எழுதினால் இடம் கிடைக்காது என்பது அப்பட்டமான பொய். 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் ஊனத்தைக் காரணம் காட்டி அநியாயமாக ஒதுக்குவதைத் தடுக்கிறது. நியாயமான வசதி செய்து தராமல் இருப்பதையும் அதே பாகுபாட்டில்தான் சேர்க்கிறது. மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டுகளே சமத்துவ நீதிமன்றங்களாகவும் செயல்படுகின்றன. அங்கே புகார் கொடுக்கக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. நம் வீடுகளில் இதை மறைப்பதற்கு வேறொரு காரணமும் இருப்பது எனக்குத் தெரியும்: ஊரில் தெரிந்தால் நாளைக்குப் பெண் கேட்டு வர மாட்டார்கள் என்ற பயம். யுனிவர்சிட்டி ஃபாரத்தைக் கோயில் நோட்டீஸ் பலகையில் ஒட்டப்போவதில்லை. அந்தப் பயத்துக்காகப் பெண்ணின் படிப்பை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மைத்துனருக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். என்எஸ்ஃபாஸ் இனம் பார்த்துக் கொடுப்பதில்லை, வருமானமும் தகுதியும்தான். அவர் மனதில் இருப்பது மருத்துவக் கல்லூரி இட ஒதுக்கீடு. அது வேறு விஷயம். 1997 உயர்கல்விச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் பழைய அநீதியைச் சரிசெய்யும் சேர்க்கைக் கொள்கை வைத்திருக்க வேண்டும், அநியாயமாகப் பாகுபாடு காட்டக் கூடாது, அந்தக் கொள்கையை வெளியிடவும் வேண்டும். கேட்டு வாங்கிப் படிக்கலாம். 1959இல் வந்த சட்டத்தால் நம்மவர்களுக்கென்று தனிக் கல்லூரி வைத்து, 1961 முதல் டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் குடியிருப்புக்குப் படகில் போய்ப் படிக்க வைத்தார்கள். சரிசெய்ய வேண்டிய அந்தப் பழைய அநீதியில் நம் வீட்டுக் கதையும் உண்டு.

மறுபடியும் கடைக்காரரிடம் வருகிறேன். இந்த ஆட்களால் சீரழிந்த குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். என்எஸ்ஃபாஸுக்கு ஏஜென்ட் கிடையாது. விண்ணப்பம் இலவசம். உங்கள் சம்பளத்தை அவர்கள் சார்ஸ் கணக்கோடு ஒப்பிடுவார்கள், குடும்ப விவரத்தை உள்துறைப் பதிவோடு ஒப்பிடுவார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிரிந்துவிட்டதாகச் சத்தியப் பிரமாணம் செய்வது கிரிமினல் குற்றம்; கையெழுத்துப் போடுவது நீங்கள், அவரல்ல. தகுதியில்லாமல் பணம் வாங்கியவர்கள் 40,000க்கும் மேல் என்று சிறப்புப் புலனாய்வுப் பிரிவு கண்டுபிடித்தது. பெற்றோரிடம் கடன் ஒப்புகைப் பத்திரம் எழுதி வாங்கிப் பணத்தைத் திரும்ப வசூலிக்கிறது. இரண்டாம் வருஷம் படிக்கும்போது மகளுக்கு உதவி நின்று, மொத்தக் கட்டணமும் கடனாக உங்கள் தலையில் விழுந்தால் அந்தக் கடை அப்போது அங்கே இருக்குமா?

அதைவிட மோசமான ஒன்று, பிள்ளையின் என்எஸ்ஃபாஸ் கணக்கைத் திறக்கும்போது இந்த ஆட்கள் தங்கள் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுவது. அதன்பிறகு ஓடிபி அவர்களுக்குத்தான் வரும். உங்களிடம் என்ன ஆவணம் கேட்கிறார்கள், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தகவலுக்கும் மீண்டும் நூறு, இருநூறு என்று கறப்பார்கள். தனியார் கல்லூரிக்கு ஆள் பிடிப்பதும் பல சமயம் இதே ஆட்கள்தான். என்எஸ்ஃபாஸ் பணம் 26 பொது யுனிவர்சிட்டிகளுக்கும் 50 டிவெட் (அரசுத் தொழிற்கல்வி) கல்லூரிகளுக்கும் மட்டும்தான். கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தனியார் கல்லூரிக்குக் கிடையாது.

என்எஸ்ஃபாஸ் நிர்வாகத்தையும் புகழ மாட்டேன். 2023இல் மாணவர் செலவுப் பணத்தை நான்கு கம்பெனிகள் வழியாகக் கொடுக்கப் போய்ப் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். 2024 ஏப்ரலில் அமைச்சரே வாரியத்தைக் கலைத்து நிர்வாகியைப் போட வேண்டியதாயிற்று. ஒழுங்காகப் பதில் சொல்லும் அலுவலகம் இருந்தால் போட்டோகாப்பி கடைக்கு யார் போகப்போகிறார்கள்? ஆனாலும் வழி இதுதான்.

குவாசுலு-நடால் யுனிவர்சிட்டிகளுக்கு விண்ணப்பம் வாங்கும் பொது அலுவலகமான சிஏஓவில் இடத்துக்கு விண்ணப்பித்துவிட்டால் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்த மாதிரி என்று இருந்துவிடாதீர்கள். இரண்டும் தனித்தனி. சிஏஓவில் ஆறு பாடத்திட்டங்கள் வரை வரிசைப்படுத்தலாம், கட்டணம் உண்டு, செப்டம்பர் முடிந்த பிறகு போட்டால் கட்டணம் கூடும். என்எஸ்ஃபாஸ் திறக்கும் தேதியும் மூடும் தேதியும் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன.

இன்றைக்கே கடைக்காரரிடம் போய் ஐடி நகல்களைத் திரும்ப வாங்குங்கள். 500 ராண்ட் வராவிட்டால் போகட்டும். மகள் பெயரில் ஏற்கெனவே கணக்குத் திறந்துவிட்டாரா என்று நேரடியாகக் கேளுங்கள். திறந்திருந்தால், மகளையும் அவளுடைய ஐடியையும் கூட்டிக்கொண்டு பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடமோ யுனிவர்சிட்டி நிதி உதவி அலுவலகத்திடமோ போய், எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்ற உதவி கேளுங்கள். திறக்கவில்லை என்றால் மகளே தன் எண்ணில் திறக்கட்டும். அந்த சிம்மைப் பட்டம் வாங்கும்வரை மாற்ற வேண்டாம். நகல்களுக்கு முத்திரை போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகப் போட்டுத் தருவார்கள். இருவர் சம்பளச் சீட்டும் உள்ளபடியே, மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இல்லாமல் இருக்கட்டும். ஆடியாலஜிஸ்டிடம் மட்டும் இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள், அரசு மருத்துவமனை என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.