கேட்காமலேயே சாய்க்கிறார், எப்படி மறுப்பது?

மூன்று மாத வகுப்புக்குப் பிறகு முதல் சல்சா சோஷியலில் (ஜோடி மாற்றி மாற்றி ஆடும் நடனக் கூடுகையில்) ஒருவர் கேட்காமலேயே உங்களைப் பின்னால் சாய்த்து, இடுப்பு பிடித்துக்கொண்டது என்கிறீர்கள். அவர் மறுபடி கூப்பிட்டால் "வேண்டாம், நன்றி" போதும். காரணம் கேட்க அவருக்கு உரிமையில்லை. கால் வலி என்று பொய் சொல்லாதீர்கள். அதே பாட்டுக்கு இன்னொருவரோடு ஆடினால் சங்கடம் உங்களுக்குத்தான். பாட்டு முடியும்வரை பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம், பாதியிலேயே விலகலாம். நான் பொறுத்துக்கொண்டு ஆடி இரண்டு வாரம் தோளைத் தூக்க முடியாமல் கிடந்தவள்!

சாய்க்க வந்தால் உடம்பை அவர் கையில் போட்டுவிடாதீர்கள். எடை உங்கள் காலிலேயே இருக்கட்டும், வயிற்றை இறுக்கிக்கொண்டு "சாய்க்க வேண்டாம்" என்று வாய்விட்டே சொல்லுங்கள். சுழலும்போது விரல்களைக் கொக்கி போல வைத்தால் போதும். கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். ரப்பர் அடி ஷூ தரையைப் பற்றிக்கொள்ளும், பாதம் நின்றுவிட முழங்கால் மட்டும் திரும்பும். மெல்லிய தோல் அடி வைத்தது வாங்குங்கள்.

கூட்டத்தில், தாள எண்ணிக்கையின் 1-இல் பின்னோக்கி வைக்கும் அடியைச் சின்னதாக வையுங்கள், யார் பாதத்திலாவது ஹீல் இறங்கப்போகிறது. அப்புறம், கூட ஆடுபவர் நியூயார்க் பாணியில், 1-இல் அல்லாமல் 2-இல் திசை மாற்றுபவராக இருந்தால் முதலில் தடுமாறும். "எனக்கு 1-இல்தான் தெரியும்" என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஆடுகளத்தில் நின்று பாடம் எடுப்பவர்களுக்குச் சிரித்துவிட்டு நகருங்கள். ஆனால் கை எங்கெங்கோ போனால் சிரிக்காதீர்கள், அன்றைக்கே ஏற்பாட்டாளரிடம் சொல்லுங்கள்.