கோம்பையா, ராஜபாளையமா?

கோம்பை, ராஜபாளையம் என்ற இரண்டு நாட்டுநாய் இனங்களில் எதை வாங்கலாம் என்று யோசிக்கும் கம்பம், குமுளி, வண்டன்மேடு பக்கத்து நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணே, வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம். ராத்திரி காட்டுப்பன்றி தொல்லை. எந்த நாய் சரிப்படும்?

கோம்பை. இரண்டுமே ஒரு காலத்தில் பன்றி வேட்டைக்குப் போனவைதான். ஆனால் ராஜபாளையம் நெட்டையான நாய், ஓடிப் பிடிக்க வெட்டவெளி வேண்டும். ஏலச்செடிகளுக்கு நடுவே சரிவில் ஏறி இறங்கக் கோம்பையின் கட்டுக்குட்டான உடம்புதான் தோது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாய் குரைத்து எழுப்பினால் போதும், பன்றி மேல் ஏவிவிடாதீர்கள். நாயை விட்டு வேட்டையாடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அது போக, ஆண் பன்றி கோரைப்பல்லால் ஒரு வெட்டு வெட்டினால் நாயின் விலா கிழிந்துவிடும். சிறுத்தை நடமாட்டம் உள்ள இடத்தில் ராத்திரி நாயை வெளியே சங்கிலியில் கட்டவே கட்டாதீர்கள், ஓடக்கூட வழியிருக்காது. மேலேயும் கம்பிவலை போட்ட கூண்டை வீட்டுச் சுவரை ஒட்டி வைத்து, உள்ளேயிருந்து குரைக்க விடுங்கள்.

குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வாசலில் வெள்ளை ராஜபாளையம் நின்றால் கம்பீரமாக இருக்குமே?

கம்பீரம்தான் அக்கா, விருந்தாளி அதன் தலையில் கை வைக்கிற வரைக்கும். வளர்த்தவரைத் தவிர வேற்று ஆள் தொடுவதை ராஜபாளையம் விரும்பாது. கோம்பையும் லேசுப்பட்டதில்லை. தினம் புது முகம் வருகிற வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம். தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள், ஆட்களோடு பழகிக்கொள்ளும்.

ராஜபாளையம் குட்டி பார்த்து வைத்திருக்கிறேன். காது கேட்காத குட்டி வரும் என்கிறார்களே?

வரும். உடம்பை வெள்ளையாக்குகிற அதே நிறமிக் குறைபாடு உட்காதையும் பாதிக்கலாம். விற்கிறவர் கையைத் தட்டுவார், குட்டி திரும்பும், நாமும் நம்பிவிடுவோம். அது சத்தத்துக்குத் திரும்பியதா, கை அசைவைப் பார்த்துத் திரும்பியதா என்று தெரியாது. கூடப் பிறந்த குட்டிகளிடமிருந்து பிரித்து, தனியாகத் தூங்கும்போது பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வை உணர்ந்துவிடும். காது மடல் துடித்தாலே போதும். ஒரு காது மட்டும் செவிடாக இருந்தால் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. மூக்கு ரோஜா நிறமா என்று மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கிறவர்களை என்ன சொல்ல!

செவலையாக இருந்தாலே கோம்பை என்று விற்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

குட்டியை வைத்துச் சொல்வது கஷ்டம். தாயைக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் தகப்பனையும். செவலை உடம்பு, கரி பூசினாற்போல் கருத்த வாய், அகன்ற நெஞ்சு, மேல்நோக்கி வளைந்த வால், இவை இருக்கவேண்டும். தாயைக் காட்ட மறுத்தால் கிளம்பிவிடுங்கள். 2005-இல் அஞ்சல் துறை நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ராஜபாளையம் இருந்தது, கோம்பை இல்லை. கோம்பை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கம்பங்கூழே போதுமா?

போதாது. கூடவே முட்டை, கறி, மீன் ஏதாவது வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு மட்டும் கூடாது, குடலைக் குத்தும்.

கட்டப்பனையில் இருக்கிறோம். லைசன்ஸ் எடுக்கணுமா?

ஆமாம், உள்ளாட்சி அலுவலகத்தில் எடுக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். மூன்று மாதம் ஆனதும் அந்த ஊசியைப் போட்டு, பிறகு டாக்டர் சொல்கிற கணக்கில் தொடருங்கள். மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் போய்வந்தால் விரலிடுக்கில் அட்டை, காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் தின்னாமல் சுருண்டுவிடும், ஈறு வெளுத்துப்போகும். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கலாமா அண்ணே?

இரண்டும் ஆண் என்றால் வேண்டாம். ஒரு வருஷத்தில் தட்டுக்கும் வாசலுக்கும் சண்டை வந்துவிடும். முதலில் ஒன்றைப் பழக்குங்கள், பிறகு எதிர்ப்பால் குட்டியாகப் பார்க்கலாம்.