300 சதுர அடி அடுக்குமாடி வீடு வாங்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

நகரத்தின் நடுவில் 300 சதுர அடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய அதே அளவு வீட்டில் நாங்கள் இரண்டு பேர் ஆறு வருடம் இருந்தோம். தாராளமாக வாங்கலாம். ஆனால் முதலில் கதவுகளையும் சுவர்களையும் பாருங்கள், சதுர அடிக் கணக்கெல்லாம் அப்புறம்.

80 செ.மீ. அகலமுள்ள ஒரு கதவு திறந்து மூடவே ஐந்து சதுர அடிக்கு மேல் தரை போய்விடும். அங்கே ஒரு ஸ்டூல்கூட வைக்க முடியாது. எங்கள் வீட்டில் வாசல் கதவு, பாத்ரூம் கதவு, அலமாரிக் கதவு மூன்றும் ஒரே மூலையில் திறந்தன. ஒருவர் பாத்ரூமிலிருந்து வெளியே வர, இன்னொருவர் அலமாரியைச் சாத்தியாக வேண்டும். இரண்டு வருடம் பொறுத்தோம். பிறகு பாத்ரூமுக்கு ஸ்லைடிங் கதவு போட்டோம். அன்றைக்கு வீட்டுக்குள் நடந்து பார்த்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. இது பழைய யோசனைதான். 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரச் சிறு வீடுகளுக்காக வடிவமைத்த 'பிராங்பர்ட் சமையலறை' சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். அதற்கும் கூடத்துக்கும் நடுவே அவர் வைத்தது ஸ்லைடிங் கதவைத்தான்.

சுவர் விஷயம் இன்னும் முக்கியம். கதவோ ஜன்னலோ குறுக்கிடாத நீளமான சுவர் ஒன்றாவது இருக்க வேண்டும். கட்டில், மேசை, அலமாரி எல்லாம் அதை நம்பித்தான். அப்படி ஒரு சுவர் உள்ள 260 சதுர அடி வீட்டை, மூலைக்கு மூலை உடைந்து நிற்கும் 320 சதுர அடி வீட்டைவிட மேலாகச் சொல்வேன்.

சாதனங்களில் நான் தவறியது பிரிட்ஜில். அகலத்தை அளந்தேன், கதவு திறக்கும் விதத்தை அளக்கவில்லை. சுவரை ஒட்டி வைத்ததும் கதவு சரியாக 90 டிகிரியில் நின்றுவிட்டது. காய்கறி டிராயரை இழுத்தால் கதவின் உள்தட்டில் இடித்தது. டிராயரைப் பாதி இழுத்து, இடுக்கில் கையை விட்டுத்தான் எதையும் எடுக்க முடிந்தது. கீலை மறுபக்கம் மாற்றக்கூடிய மாடல்கள் நிறைய இருக்கின்றன. வாங்கும் முன் அதைக் கேளுங்கள்.

துணி காயப்போட பால்கனி இல்லையென்றால், துவைத்து உலர்த்தும் ஒரே மெஷின் நல்ல தேர்வு. ஆனால் பெரும்பாலும் உலர்த்தும் அளவு, துவைக்கும் அளவைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டு எண்களையும் பாருங்கள். சமையல் புகைக்குச் சிம்னி இருந்தால், அது புகையை வெளியே அனுப்புகிறதா, வடிகட்டிவிட்டு அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது வகை நீராவியை வெளியேற்றாது. படுக்கும் அறையிலேயே சமைக்கும்போது அந்த ஈரம் மெத்தையில்தான் போய்ச் சேரும்.

விலை? சதுர அடிக் கணக்கில் சிறிய வீடு எப்போதும் அதிகமாகத்தான் தெரியும். செலவு பிடிக்கும் பாத்ரூமும் சமையல் மேடையும் சின்ன வீட்டிலும் இருக்கின்றனவே. அதனால் மொத்த விலையையும் மாதாமாதம் கட்டும் பராமரிப்புத் தொகையையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, சில வங்கிகள் மிகச் சிறிய வீடுகளுக்குக் கடன் கொடுக்கத் தயங்கும். உங்களுக்குக் கடன் கிடைப்பது கஷ்டம் என்றால், நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் அதே கஷ்டம்தான். விற்கும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே விசாரித்துவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு அளவு டேப்பும் ஒட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு போங்கள். கட்டில், பிரிட்ஜ், மெஷின் அளவுக்குத் தரையில் டேப் ஒட்டி, எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, இரண்டு பேராக நடந்து பாருங்கள். விற்பவர் அதற்கு அரை மணி நேரம் தர மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.