ஐந்து நாள் நன்றாக இருந்தவருக்கு ஆறாம் நாள் என்ன ஆனது?

கேள்வி: 2021 இரண்டாம் அலையில் பலர் முதல் சில நாட்கள் வெறும் காய்ச்சலோடு நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு மூச்சுத்திணறி ஆக்சிஜன் படுக்கைக்குப் போனார்கள். கொரோனா உடலுக்குள் எப்படித்தான் முற்றுகிறது?

பதில்: அந்த அலையின்போது கொரோனா வார்டில் பணி மருத்துவராக இருந்தேன். நாட்களை எண்ணியே வார்டை நடத்தினோம் என்று சொல்லலாம். நோயாளி வந்ததும் முதலில் கேட்பது, “உடம்பு சரியில்லை என்று முதன்முதலில் எப்போது தோன்றியது?” என்பதுதான். பலரும் பரிசோதனை முடிவு வந்த தேதியைச் சொல்வார்கள். அது உதவாது. “நேற்றுத்தான் பாசிட்டிவ் வந்தது டாக்டர்” என்பவரைத் துருவினால், போன வாரமே உடம்பு வலிக்கு மாத்திரை போட்டுச் சமாளித்தது தெரியவரும். அவர் கணக்கில் இரண்டாம் நாள். என் கணக்கில் ஏழாம் நாள். சிகிச்சையே மாறிவிடும்.

வைரஸ் உள்ளே நுழைந்து அறிகுறி தெரிய, முதலில் பரவிய வகையில் சராசரியாக ஐந்து நாள் ஆனது. இரண்டாம் அலையில் பரவிய டெல்டா வகையில் சற்றுக் குறைவு. காய்ச்சல், வறட்டு இருமல், அடித்துப் போட்டாற்போல் அசதி, சிலருக்கு வயிற்றுப்போக்கு. வாசனை போவது பலரைப் பயமுறுத்தியது, ஆனால் அது ஆபத்தின் அறிகுறி இல்லை. மூக்கில் வாசனை நரம்பைத் தாங்கி நிற்கும் செல்களை வைரஸ் தாக்குவதால் வருவது. ரசத்தின் மணம் தெரியவில்லை என்று அழுதவர்களில் பெரும்பாலானோர் நல்லபடியாக வீடு திரும்பினார்கள்.

இந்த முதல் வாரம் வைரஸின் வாரம். பெரும்பாலானோருக்கு நோய் இத்தோடு முடிந்துவிடும். 2020 பிப்ரவரியில் சீனா வெளியிட்ட 44,672 நோயாளிகளின் கணக்கில் 81 சதவீதம் பேருக்கு லேசான பாதிப்பு, 14 சதவீதம் பேருக்குத் தீவிரம், 5 சதவீதம் பேருக்கு உயிருக்கே ஆபத்தான நிலை.

முதல் வாரத்தின் பிற்பகுதியிலிருந்து சிக்கல் வேறு. வைரஸின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அதை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு ஆற்றல் சிலருக்கு அடங்காது. நுரையீரலின் காற்றுப் பைகளில் அழற்சி ஏற்பட்டு நீர் கோக்கும், நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும். அறிகுறி தொடங்கி ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் மூச்சு வாங்கத் தொடங்கும். முற்றுபவர்களுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டாம் நாள்வரை மிக மோசமான காலம்.

உங்களுக்கு எதிர்பாராத திருப்பமாகத் தெரிந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மூச்சு முட்டும் உணர்வைப் பெரிதும் தூண்டுவது ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவது; ஆக்சிஜன் குறைவது அந்த அளவுக்குத் தூண்டாது. கொரோனா தாக்கிய நுரையீரல் ஆரம்பத்தில் கரியமில வாயுவைச் சரியாகவே வெளியேற்றிவிடும், ஆக்சிஜனை மட்டும் உள்ளே எடுக்கத் திணறும். அதனால் உடலுக்கு அலாரம் அடிக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) 82 சதவீதம் என்று காட்டும்போது கைப்பேசியில் வியாபாரம் பேசிக்கொண்டிருந்தவரைப் பார்த்திருக்கிறேன். கருவி பழுது என்று அவர் என்னோடு வாதாடினார். இரண்டு நாளாக இறங்கிக்கொண்டிருந்த அளவு, கழிப்பறைக்கு நடந்துபோய் வரும்போதுதான் ஆளைச் சாய்க்கும். வீட்டிலிருந்தவர்களை ஆறு நிமிடம் நடந்துவிட்டு, விரலில் மாட்டி இந்த அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். உட்கார்ந்திருக்கும்போது 96, நடந்தால் 92 என்றால் நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் வழிகாட்டுதலில் 93 அல்லது அதற்குக் கீழே வந்தாலே மிதமான பாதிப்பு, 90க்குக் கீழே தீவிரம்.

எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து விஷயத்திலும் இதே நாள் கணக்குதான். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர்காக்கும் என்று 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டின் ரெக்கவரி ஆய்வு காட்டியது: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, கெடுதலாகவும் இருக்கலாம். செய்தித் தலைப்புகளில் நின்றது முதல் பாதி மட்டும். 2021 மே மாதத்தில் வாட்ஸ்அப் மருந்துச்சீட்டைப் பார்த்து இரண்டாம் நாளே ஸ்டீராய்டு விழுங்கிவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். வைரஸ் பெருகும் நேரத்தில் எதிர்ப்பு ஆற்றலை அடக்கினால் அது யாருக்கு லாபம்? சர்க்கரை நோயாளிகள் சிலர் அதோடு கருப்புப் பூஞ்சையையும் வாங்கிக்கொண்டார்கள். முதல் நாளே எடுத்த சி.டி. ஸ்கேனும் அப்படித்தான், பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, வீண் நிம்மதி மட்டும் கிடைக்கும்.

ஒமிக்ரான் வந்தபிறகு படம் மாறியது. மூன்று நாளிலேயே அறிகுறி தெரிகிறது, தொண்டை வலி முன்னால் நிற்கிறது, வாசனை அவ்வளவாகப் போவதில்லை, நுரையீரல் வரை இறங்குவதும் குறைவு. தடுப்பூசியும் முந்தைய தொற்றும் தந்த எதிர்ப்பு ஆற்றலுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

ஆனாலும் முதியவர்கள், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு நான் இன்னும் பழைய கணக்கைத்தான் பார்க்கிறேன். பாக்ஸ்லோவிட் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை வேண்டுமென்றால் அறிகுறி தெரிந்த ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். காய்ச்சல் விட்டபிறகும் பத்தாம் நாள்வரை காலையிலும் மாலையிலும் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். விரலில் நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு வையுங்கள், அளவு தப்பாகக் காட்டும்.