ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் யாருக்கெல்லாம் கிடைக்கும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த வாட்டி வந்த கேள்வில முக்காவாசி பேங்க் அக்கவுண்ட் பத்தித்தானுங்க. படிச்சுப் பாத்தா எல்லாத்துலயும் ஒரே கொழப்பம்தான். மினிமம் பேலன்ஸ் இல்லாத அக்கவுண்ட் வேற, லிமிட் போட்ட சின்ன அக்கவுண்ட் வேற, ஜன்தன் வேற. கவுண்டர்ல இருக்கறவங்களே சில நேரம் மூணையும் ஒண்ணாப் போட்டுப் பேசிடறாங்க, கேட்டுட்டு வர்றவங்க அதையே நம்பிடறாங்க. அதனால ஒரே தலைப்புல சேத்துப் போடறேன், உங்க கேள்வி இல்லைன்னாலும் மத்ததையும் படிச்சுருங்க.

கேள்வி: அண்ணா, நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தனுங்க. சேரும்போதே அவங்களே ஒரு தனியார் பேங்க்ல சம்பள அக்கவுண்ட் போட்டுக் குடுத்தாங்க. போன வருசம் வேற கம்பெனிக்கு மாறிட்டேன், இங்க சனிக்கிழமையானா கையிலயே காசு. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் அந்தப் பழைய அக்கவுண்ட்டுக்குத்தான் வருது, வந்த ஒடனே மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு பிடிச்சுக்கறாங்க. ஜீரோ பேலன்ஸா மாத்திக் குடுங்கன்னு கேட்டா அதெல்லாம் ஜன்தன்காரங்களுக்கு மட்டும்னு அனுப்பிட்டாங்க. என்ன பண்றதுங்க? – திருமுருகன்பூண்டி வாசகி

பதில்: அம்மணி, உங்ககிட்ட சொன்னது தப்பு. மத்திய அரசோட ஜன்தன் திட்டம் வந்ததே 2014 ஆகஸ்ட் 28லதான். அதுக்கு ரெண்டு வருசம் முந்தியே, 2012 ஆகஸ்ட்ல, ரிசர்வ் பேங்க் எல்லா பேங்குக்கும் உத்தரவு போட்டிருக்கு, பேசிக் சேவிங்ஸ் பேங்க் டெபாசிட் அக்கவுண்ட்னு ஒண்ணு எல்லாருக்கும் தரோணும், அதுல மினிமம் பேலன்ஸ் கேக்கக்கூடாதுன்னு. சுருக்கமா பிஎஸ்பிடிஏம்பாங்க. அரசு பேங்க் தனியார் பேங்க்னு பாகுபாடு கெடையாது, இவ்வளவு வருமானம் இருந்தாத்தான், இன்ன கார்டு இருந்தாத்தான்னும் கெடையாது. ஜன்தன் அக்கவுண்ட்டும் இந்த வகைல ஒண்ணுதான், அவ்வளவுதான்.

உங்களுக்கு நடந்தது திருப்பூர்ல பாதிப்பேருக்கு நடக்கறதுதானுங்க. சம்பள அக்கவுண்ட்டுல சம்பளம் வர்ற வரைக்கும் பேலன்ஸ் கேக்க மாட்டாங்க, கம்பெனி மாறி சில மாசம் சம்பளம் வரலைன்னா பேங்க் அதைச் சாதாரண சேவிங்ஸா மாத்திரும், அன்னைல இருந்து மினிமம் பேலன்ஸ் ரூல் ஓட ஆரம்பிச்சுரும். நம்ம ஊர்ல கம்பெனிக்கு ஒரு அக்கவுண்ட்னு மூணு நாலு பாஸ்புக் வெச்சுட்டு எதுல என்ன பிடிக்கறாங்கன்னே தெரியாம இருக்கறவங்க நெறைய. 2023 செப்டம்பர்ல உரிமைத்தொகை முதல் மாசம் வந்தப்பவே சில பேங்க் இப்படி பிடிச்சு அது தமிழ்நாடு பூராவும் பெரிய பிரச்சினை ஆச்சு, ஞாபகம் இருக்கும்.

புதுசா அக்கவுண்ட் தொறக்க வேண்டியதில்லை, இருக்கறதையே மாத்திக்கலாம். வாயால கேக்காதீங்க, எழுதிக் குடுங்க. வெள்ளைப் பேப்பர்ல இப்படி எழுதுனா போதும்: "எனது சேமிப்புக் கணக்கை பேசிக் சேவிங்ஸ் பேங்க் டெபாசிட் அக்கவுண்ட்டாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு எந்த வங்கியிலும் எனக்கு இந்த வகைக் கணக்கு இல்லை." கீழ அக்கவுண்ட் நம்பர், தேதி, கையெழுத்து. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயி ஒண்ணுல பேங்க் சீலும் தேதியும் வாங்கிக்கோணும், அது ரொம்ப முக்கியம். ரெண்டாவது வரி நெசமா இருக்கோணும் பாத்துக்கோங்க, ஒருத்தருக்கு இந்த வகை அக்கவுண்ட் ஒரே பேங்க்லதான். 2025 டிசம்பர்ல ரிசர்வ் பேங்க் கொண்டு வந்த திருத்தத்துல, எழுதிக் குடுத்த ஏழு நாளைக்குள்ள மாத்தித் தரோணும்னே இருக்கு, அது 2026 ஏப்ரல் 1ல இருந்து கட்டாயம்.

மாத்துனா என்னென்ன கெடைக்கும்னா, பணம் போடறதுக்கு எத்தனை தடவைங்கற கணக்கே கெடையாது, ஏடிஎம் கார்டு வருசக் கட்டணம் இல்லாம, வருசத்துக்கு 25 செக் லீஃப், மொபைல் பேங்கிங், பாஸ்புக், இதெல்லாம் ஃப்ரீ. மாசத்துக்கு நாலு தடவை பணம் எடுக்கறதும் ஃப்ரீ. வட்டியும் மத்த சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்குக் குடுக்கற அதே வட்டிதான்.

இதுவரைக்கும் பிடிச்ச காசு இருக்குதில்லீங்களா, அதையும் விட்டுராதீங்க. 2015 ஏப்ரல் 1ல இருந்து ஒரு ரூல் இருக்கு. பேலன்ஸ் கொறைஞ்சா பேங்க் மொதல்ல எஸ்எம்எஸ்ஸோ லெட்டரோ அனுப்பி உங்களுக்குச் சொல்லோணும், சரி பண்ண ஒரு மாசம் டைம் குடுக்கோணும், அதுக்கப்பறமும் கொறைஞ்ச தொகைக்கு ஏத்த மாதிரித்தான் ஃபைன் போடலாம். பேலன்ஸ் இல்லைங்கற ஃபைனால மட்டும் அக்கவுண்ட் மைனஸ்ல போகவே கூடாது. ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பாருங்க, மெசேஜே வராம பிடிச்சிருந்தாங்கன்னா, மைனஸ் காட்டுச்சுன்னா, திருப்பிக் கேட்டு தனியா ஒரு லெட்டர் குடுங்க. ஆயிரம் ரூவா உங்க வீட்டுக்கு என்னங்கறது உங்களுக்குத்தான் தெரியும், கூச்சப்படாம கேளுங்க.

கேள்வி: எங்க அமுச்சிக்கு 78 வயசு. ஆதார் கார்டு தொலைஞ்சுருச்சு, கைரேகையும் மெஷின்ல விழ மாட்டேங்குது, ரேஷன் கார்டு மட்டும்தான் இருந்துச்சு. போன ஆடில பேங்க்ல போட்டோ ஒட்டி பெருவிரல் ரேகை வெச்சு ஒரு அக்கவுண்ட் தொறந்து குடுத்தாங்க. இப்ப ரெண்டு மாட்டை வித்து 70,000 வந்துச்சு, போடப் போனா 50,000க்கு மேல இருக்கக்கூடாதுங்கறாங்க, மாசம் பத்தாயிரத்துக்கு மேல எடுக்கவும் முடியாதாம். ஜீரோ பேலன்ஸ்னா இப்படித்தானுங்களா? – கோபி பக்கத்துல இருந்து ஒரு வாசகர்

பதில்: இல்லீங்க. பேங்க் சொன்ன லிமிட் சரிதான், ஆனா அது ஜீரோ பேலன்ஸுக்கான லிமிட் இல்லை, சரியான ஆவணம் இல்லாம தொறந்ததுக்கான லிமிட். இதுக்குப் பேரு சின்ன அக்கவுண்ட். முகவரி அடையாளம் எதுவுமே கையில இல்லாதவங்களும் பேங்குக்குள்ள வரோணும்ங்கறதுக்காக, அதிகாரி முன்னால போட்டோ, கையெழுத்து இல்லாட்டி ரேகை மட்டும் வாங்கிட்டுத் தொறக்கறது. நல்ல ஏற்பாடுதான், ஆனா கட்டுப்பாடு இருக்கு. ஒரு நிதியாண்டுல மொத்தம் 1 லட்சத்துக்கு மேல வரவு கூடாது, மாசத்துல எடுக்கறதும் அனுப்பறதும் சேத்து 10,000, எந்த நேரத்துலயும் பேலன்ஸ் 50,000 தாண்டக்கூடாது. அரசாங்கத்துல இருந்து வர்ற உதவித்தொகை, மானியம், கொள்முதல் பணம் வந்து பேலன்ஸ் தாண்டுனா அதுக்கு விலக்கு இருக்கு. மாடு வித்த காசு அந்த விலக்குல வராது.

இன்னொண்ணு, இந்த அக்கவுண்ட் 12 மாசத்துக்குத்தான். ஆவணத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம்னு அத்தாட்சி காட்டுனா இன்னொரு 12 மாசம் நீட்டுவாங்க. போன ஆடில தொறந்ததுன்னா தேதியை ஒடனே பாருங்க, சும்மா விட்டுட்டா அவசரத்துக்கு அந்தக் காசை எடுக்க முடியாம நிக்கோணும்.

வழி சுலபந்தான். ரேஷன் கார்டு ரிசர்வ் பேங்க் ஏத்துக்கற அடையாள ஆவணப் பட்டியல்லயே கெடையாது, அதனாலதான் சின்ன அக்கவுண்ட்டா போயிருச்சு. பட்டியல்ல இருக்கறது பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, 100 நாள் வேலை அட்டை, ஆதார், அப்பறம் தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டு லெட்டர். 78 வயசு அமுச்சி எத்தனை எலெக்‌ஷன் பாத்திருப்பாங்க, ஓட்டு கார்டு கண்டிப்பா பொட்டிக்குள்ள எங்கியாவது கெடக்கும், தேடுங்க. 100 நாள் வேலைக்குப் போயிருந்தாங்கன்னா அந்த அட்டை போதும், அதுல மாநில அரசு அதிகாரி கையெழுத்து இருக்கோணும். இதுல ஒண்ணைக் குடுத்து கேஒய்சி, அதாவது ஆளையும் முகவரியையும் பேங்க் சரிபாக்கறதை, முடிச்சாலே லிமிட் எல்லாம் போயிரும், அக்கவுண்ட் முழு பிஎஸ்பிடிஏ ஆயிரும், அப்பவும் மினிமம் பேலன்ஸ் கெடையாது. காடு தோட்டத்துல வேலை செஞ்சு ரேகை தேஞ்சு போனவங்களுக்கு மெஷின்ல விழலைங்கறதுக்காக மறுக்கக்கூடாது, வயசு காரணமா ரேகை வெக்க முடியாத, அரசு உதவித்தொகை வாங்கறவங்களுக்கு ஆதாரை ஆஃப்லைன்ல சரிபாக்கவோ வேற ஆவணம் வாங்கிக்கவோ கேஒய்சி ரூல்லயே எடம் இருக்கு. அதைச் சொல்லிக் கேளுங்க. அமுச்சியை நாலு தடவை அலைய விடாதீங்க, ஆவணத்தைக் கண்டுபிடிச்சுட்டு ஒரே தடவையா கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கறேன். தமிழ்ப் புதல்வன் பணத்துக்காக வீட்ல இருந்தே மொபைல்ல ஆதார் ஓடிபி போட்டு ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணேன். ஒரு வருசம் நல்லா ஓடுச்சு, இப்ப டெபிட் பண்ண முடியல. – சூலூர் மாணவர்

பதில்: தம்பி, ஆளைப் பாக்காம ஓடிபில மட்டும் தொறக்கற அக்கவுண்ட்டுக்கும் லிமிட் உண்டு. பேலன்ஸ் 1 லட்சம், வருச வரவு 2 லட்சம், அப்பறம் ஒரு வருசத்துக்குள்ள முழு கேஒய்சி முடிக்கோணும். நீ முடிக்கல, அதான். ஆதாரையும் பேன் கார்டையும் எடுத்துட்டு கிளைக்குப் போ, இல்லைன்னா பேங்க் ஆப்ல வீடியோ கேஒய்சி இருந்தா அதுல முடி. முடிக்கும்போதே இது பிஎஸ்பிடிஏதானா சாதாரண சேவிங்ஸான்னு கேட்டுக்கோ, ஆன்லைன்ல கண்ணை மூடிட்டு ஓகே அமுக்குனதுல எது தொறந்துச்சுன்னு பல பேருக்குத் தெரியறதே இல்லை.

கேள்வி: எனக்குத் தென்னந்தோப்பு இருக்குது, காரும் இருக்குது. நானெல்லாம் ஜீரோ பேலன்ஸ் கேக்கலாமா, தப்பில்லையா? நாலு தடவைதான் எடுக்க முடியும்னா தேங்காய் பறிக்கற ஆளுங்களுக்குக் கூலி எப்படிக் குடுக்கறது? – ஆனைமலை வாசகர்

பதில்: தாராளமா கேக்கலாமுங்க, சொத்து இருக்கறவங்க கேக்கக்கூடாதுன்னு ரூல் இல்லை. ஆனா அதே பேங்க்ல உங்களுக்கு வேற சேவிங்ஸ் அக்கவுண்ட் இருக்கக்கூடாது, இருந்தா 30 நாளைக்குள்ள மூடிரோணும். எஃப்டி, ஆர்டி போட்டு வெச்சுக்கலாம், அதுக்குத் தடை இல்லை. நாலு தடவைங்கறது ஏடிஎம்மும் கிளையும் சேத்து ரொக்கமா எடுக்கற கணக்கு. அதுக்கு மேல எடுக்க முடியாதுன்னு அர்த்தமில்லை, பேங்க் கட்டணம் போடலாம்னு அர்த்தம். ஜிபே மாதிரி யுபிஐ, நெஃப்ட், ஐஎம்பிஎஸ், கடையில கார்டு தேய்க்கறது, இதெல்லாம் அந்த நாலுல சேராதுன்னு புது திருத்தத்துல தெளிவாவே சொல்லிட்டாங்க. ஆளுங்களுக்கு யுபிஐல போட்டு விடுங்க, ரொக்கம் வேணும்னா ஒரே தடவையா எடுத்து வெச்சுக்கோங்க. மாசம் பத்துப் பதினஞ்சு தடவை ரொக்கம் எடுத்தே ஆகோணும்னா உங்களுக்கு இது லாயக்கில்லை, மினிமம் பேலன்ஸையே எடுத்துட்ட ஒரு அரசு பேங்க்ல சாதாரண சேவிங்ஸ் வெச்சுக்கலாம். ஸ்டேட் பேங்க் 2020லயே எடுத்துருச்சு, கனரா பேங்க், இந்தியன் பேங்க் 2025ல எடுத்தாங்க.

கேள்வி: வீட்டுக்காரர் போர்வெல் போடற ரிக் வண்டில வடக்க போறவருங்க. 2016ல தொறந்த ஜன்தன் அக்கவுண்ட் இருக்கு, கார்டை பீரோவுல வெச்சுட்டுத்தான் போறார். அந்தக் கார்டுக்கு 2 லட்சம் இன்சூரன்ஸ் உண்டுங்கறாங்க, நெசமா? – திருச்செங்கோடு வாசகி

பதில்: அக்கா, 2018 ஆகஸ்ட் 28க்கு அப்பறம் தொறந்த அக்கவுண்ட்டுக்குத்தான் 2 லட்சம். உங்களுதுக்கு 1 லட்சம். விபத்துக்கு மட்டும்தான், நோய்க்கு இல்லை.

ஆனா கார்டு பீரோவுல கெடக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு மனசு கேக்கல. விபத்து நடக்கறதுக்கு முந்தின 90 நாளைக்குள்ள அந்த ரூபே கார்டுல ஒரு பரிவர்த்தனையாவது நடந்திருந்தாத்தான் கிளெய்ம் நிக்கும். ஃபோன்ல யுபிஐ பண்றதை கார்டு கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. கார்டை அவர் கையில குடுத்து விடுங்க, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஏடிஎம்ல நூறு ரூவாயாச்சும் எடுக்கச் சொல்லுங்க, கார்டு எக்ஸ்பைரி ஆயிருந்தா ஊருக்கு வரும்போது புதுசு வாங்கிருங்க. நாமினியா உங்க பேரு இருக்குதான்னும் அந்தப் போக்குலயே பாத்துருங்க. போர் வண்டி வேலை எவ்வளவு ஆபத்துன்னு உங்க ஊர்ல சொல்ல வேண்டியதில்லை, இன்னைக்கே ஃபோன் போட்டுச் சொல்லுங்க.

கேள்வி: எழுதிக் குடுத்தும் பேங்க் மேனேஜர் மசியலைன்னா? – கரூர் வாசகர்

பதில்: எழுதிக் குடுத்த தேதில இருந்து 30 நாள் பாருங்க. பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்டப் போலாம். 14448க்கு ஃபோன் போட்டா தமிழ்லயே எப்படின்னு சொல்லுவாங்க, ஆனா ஃபோன்ல சொல்றதோட புகார் பதிவாகாது, ரிசர்வ் பேங்கோட சிஎம்எஸ்ங்கற புகார் வெப்சைட்ல போடோணும், இல்லைன்னா தபால்ல அனுப்போணும். சீல் வாங்குன அந்தக் காப்பி, ஸ்டேட்மெண்ட்ல ஃபைன் பிடிச்ச பக்கம், ரெண்டையும் சேத்து வைங்க. பேங்க்ல குடுக்காம நேரா ஓம்பட்ஸ்மேன்கிட்டப் போனா திருப்பி அனுப்பிருவாங்க, அதனால அந்தச் சீல் இல்லாம கெளம்பாதீங்க. பேங்க் பதில் குடுத்ததும் நாளைத் தள்ளாம போட்டுரோணும். வக்கீல் வேண்டாம், ஃபீஸும் கெடையாது.