வாசலில் இன்னொரு ஜோடி செருப்பு

கேள்வி: கல்லூரி பிராஜெக்டுக்காக இரண்டு நிமிட த்ரில்லர் தொடக்கக் காட்சி எடுக்க வேண்டும். எங்களிடம் ஒரு வீடு, இரண்டு நடிகர்கள், ஒரு கேமரா மட்டும்தான் இருக்கிறது. சினிமாவில் வழக்கமாகக் கையாளும் உத்திகளில் எவற்றை எடுத்துக்கொண்டால் சஸ்பென்ஸ் வரும்?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டில் இதே வேலையை நானும் செய்தேன், அதுவும் இரண்டு முறை. முதலில் எடுத்தது எடுபடவில்லை, மறுபடி எடுத்தது எடுபட்டது. கதையும் வீடும் நடித்தவர்களும் இரண்டிலும் அதேதான். நடுவில் என்ன மாறியது என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

கதை இவ்வளவுதான்: தனியாக இருக்கும் ஒரு பெண் இரவில் வீடு திரும்புகிறாள், வீட்டுக்குள் ஒருவன் நுழைகிறான். முதல் தடவை எங்களுக்குத் தெரிந்த எல்லா உத்திகளையும் இறக்கிவிட்டோம். ஹூடி போட்ட ஆள், கையில் கத்தி, சாய்ந்த கேமரா, விட்டு விட்டு எரியும் ட்யூப்லைட், கிறீச்சிடும் கதவு, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை அதிரும் இசை. வகுப்பில் போட்டுக் காட்டினோம். யாரிடமும் ஒரு அசைவும் இல்லை. படம் முடிந்ததும் எங்கள் ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பொண்ணுக்கு என்ன ஆகுமோன்னு நான் எந்த ஷாட்டிலிருந்து பயப்படணும்?" எங்கள் ஐந்து பேரிடமும் பதில் இல்லை.

இருட்டு, நிழல், கத்தி, சாய்ந்த கோணம் எல்லாம் "இது த்ரில்லர்" என்று பார்ப்பவருக்குச் சொல்லும் பெயர்ப்பலகைகள். கடைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெயர்ப்பலகை சொல்லும், ஆனால் அதைப் பார்த்து யாருக்கும் பசி எடுக்காது. பயம் வருவதற்கு, அந்தப் பெண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்த பிறகு போதுமான நேரமும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதை ஒரு மேஜையை வைத்து விளக்குகிறார். சிலர் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேஜைக்கு அடியில் ஒரு வெடிகுண்டு. குண்டு இருப்பது நமக்கும் தெரியாமல் திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி கிடைக்கும். அதே குண்டை முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டால், அதே சாதாரணப் பேச்சை 15 நிமிடம் பதைப்போடு பார்ப்போம். எங்கள் படத்தில் கத்தி வைத்திருந்த ஆள் 1 நிமிடம் 40 விநாடியில்தான் முதன்முதலாகத் தெரிந்தான். அதுவரை பார்ப்பவருக்குப் பயப்பட ஒரு காரணமும் நாங்கள் கொடுக்கவில்லை. இசை மட்டும் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

அப்போது எனக்குக் கண் திறந்த படம் ஃப்ரிட்ஸ் லாங் 1931-இல் ஜெர்மனியில் எடுத்த 'எம்'. அதன் தொடக்கத்தில் கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒரு தாய் மதியச் சாப்பாட்டுக்கு மேஜையில் தட்டு வைத்துவிட்டு மகளுக்காகக் காத்திருக்கிறாள். தெருவில் அந்தச் சிறுமி ஒரு தூணில் பந்தை அடித்து அடித்து விளையாடுகிறாள். தூணில் ஒட்டியிருப்பது, குழந்தைகளைக் கொல்பவனைப் பிடித்துத் தந்தால் 10,000 மார்க் பரிசு என்ற அறிவிப்பு. அந்த அறிவிப்பின் மேல் ஒரு ஆணின் நிழல் விழுகிறது. அப்புறம் அம்மா மகளைக் கூப்பிடும் குரல் மட்டும் கேட்க, ஆளில்லாத மாடிப்படி, மேஜையில் தொடப்படாத தட்டு, புதருக்குள்ளிருந்து உருண்டு வரும் பந்து, தந்திக் கம்பியில் சிக்கிய பலூன். அவ்வளவுதான். பந்து, தட்டு, பலூன். மூன்றுமே எந்த மாணவரும் வாங்கக்கூடிய பொருட்கள். பட்ஜெட் இல்லையே என்று நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடினோம். கிடைத்தது செருப்பு.

வீட்டுக்குள் வருகிற யாரும் நம் ஊரில் வாசலில் செருப்பைக் கழற்றி விடுவார்கள். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மறுபடி எடுத்தபோது காட்சி இப்படி இருந்தது. மழை. மூன்றாம் மாடி வாசலில் அவள் செருப்பைக் கழற்றுகிறாள், இரண்டு கையிலும் காய்கறிப் பை, குடை. உள்ளே போய் காலாலேயே கதவைத் தள்ளுகிறாள். தாழ்ப்பாள் விழவில்லை. அந்தத் தாழ்ப்பாளுக்கு இரண்டு விநாடி குளோஸ்-அப். சமையலறையில் குக்கரை அடுப்பில் ஏற்றுகிறாள். போனில் அம்மா: "மூணு விசில் வந்ததும் அணைச்சிடுடி, மறந்துடாத." முதல் விசில் வருகிறது. அடுத்த ஷாட்டுக்கு வெட்டினால் வாசல். அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் ஈரமான ஆண் செருப்பு ஒரு ஜோடி. கேமரா அசையவில்லை, இசை இல்லை, மழைச் சத்தம் மட்டும். ஆறு விநாடி.

இந்த ஷாட் 50-ஆவது விநாடியில் வந்தது. மீதி 70 விநாடியில் அவள் வெங்காயம் நறுக்குவதையும் துணி மடிப்பதையும்தான் காட்டினோம். அந்த 70 விநாடியும் யாரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவன் வெறுங்காலோடு நடக்கிறான், சத்தமே வராது. இதையும் நாங்கள் வசனத்தில் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

எடிட்டிங் டேபிளில் எங்கள் தோழி ஒருத்தி இன்னொன்றைக் கவனித்தாள். திருடன் செருப்பைக் கழற்றிவிட்டு வருவானா? மாட்டான். அப்படியென்றால் வந்திருப்பவன் இந்த வீட்டில் ஏற்கனவே பழகியவன். அவள் சொன்ன அந்த நொடியில் எங்கள் கதையே ஒரு படி மேலே போய்விட்டது. "அவளுக்கு என்ன ஆகும்" என்பதோடு "வந்தவன் யார்" என்பதும் சேர்ந்துகொண்டது.

இந்த இரண்டு கேள்விகளும் வேறு வேறு என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் இயக்கிய 'அந்த நாள்' தொடக்கத்திலேயே ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான், சுட்டது யார் என்பதுதான் பாட்டே இல்லாத அந்தப் படம் முழுக்க ஓடும் கேள்வி. அது மர்மம். அங்கே பார்ப்பவருக்குத் தெரிந்தது குறைவு. சஸ்பென்ஸில் பார்ப்பவருக்குத் தெரிந்தது அதிகம். இரண்டு நிமிடத்துக்குள் சஸ்பென்ஸை முதன்மையாக வைத்துக்கொண்டு, மர்மத்தை ஒரு இழையாக மட்டும் விடுங்கள் என்பது என் கருத்து.

இப்போது கேமரா. வீட்டின் அமைப்பை முதலிலேயே காட்டிவிடுங்கள். வாசல் எங்கே, ஹால் எங்கே, சமையலறை எங்கே என்று தெரியாதவருக்கு, ஆபத்து நெருங்குகிறதா விலகுகிறதா என்றே தெரியாது. சமையலறையில் அவளைச் சட்டகத்தின் இடது ஓரத்தில் நிறுத்தி, வலது பக்கம் முழுக்க அரையிருட்டான ஹாலைக் காலியாக விட்டோம். அங்கே நாங்கள் எதையும் வைக்கவில்லை. ஆனாலும் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் காலி இடத்தையேதான் பார்த்தார்கள். சாய்ந்த கோணம் வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை. ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து யாரோ பார்ப்பது போன்ற ஷாட்டும் அப்படித்தான். அந்த ஷாட்டை வைத்தால் உண்மையிலேயே அங்கே ஒருவன் நிற்க வேண்டும். அழகுக்காக வைத்தீர்கள் என்றால் பார்ப்பவரிடம் பொய் சொன்னதாகிவிடும், அடுத்த ஷாட்டை அவர் நம்ப மாட்டார்.

வெளிச்சத்துக்கு ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு டேபிள் லாம்ப், அடுப்பின் நீலச் சுடர், ஜன்னல் வழியே தெருவிளக்கு என்று மூன்றே மூலங்களை வைத்துக்கொண்டோம். இருட்டு வேண்டும் என்பதற்காக லைட்டே இல்லாமல் எடுத்து, ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) உயர்த்தாதீர்கள், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். முகத்தில் நல்ல வெளிச்சம் விழட்டும், பின்னணி இருளட்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள், இல்லாவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

ஒலிதான் எனக்கு இந்தக் காட்சியில் மிகவும் பிடித்த பகுதி. படத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்களோ அதே அளவு இதற்கும் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். படப்பிடிப்பின்போது ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிடுங்கள். எல்லோரும் பேசாமல் நின்று அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இசையை எடுத்த இடங்களில் அதைப் போடும்போதுதான் அமைதி அமைதியாகக் கேட்கும், அது இல்லாவிட்டால் ஸ்பீக்கர் நின்றுவிட்டது போல இருக்கும். குக்கர், தாழ்ப்பாள், மழை, வெங்காயம் நறுக்கும் சத்தம் எல்லாவற்றையும் போனை அருகில் வைத்துத் தனித்தனியாக எடுத்தோம்.

குக்கர் எங்களுக்குக் கடிகாரமாக உதவியது. மூன்று விசில் என்று அம்மா சொல்லிவிட்டதால் பார்ப்பவரும் எண்ண ஆரம்பித்துவிடுகிறார். இரண்டாவது விசில் வரும்போது அந்த இரைச்சலுக்குள்ளேயே அவளுக்குப் பின்னால் ஹால் லாம்ப் அணைகிறது. அவள் திரும்பவில்லை, விரலை மடக்கி எண்ணுகிறாள். கெடு வைப்பது பழைய உத்திதான். ஆனால் கெடு எங்கள் சமையலறையிலிருந்தே வந்ததால் யாருக்கும் அது உத்தியாகத் தெரியவில்லை.

இசையைக் கடைசி 20 விநாடிக்கு மட்டும் வைத்தோம். செல்லோ போல இழுபடும் ஒரே ஒரு சுருதி, மிக மெதுவாக. வேறு படத்தின் பின்னணி இசையை எடுத்துப் போடாதீர்கள். உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த இசை கேட்டதும் பார்ப்பவர் அந்தப் படத்துக்குப் போய்விடுவார்.

எடிட் செய்யும்போது போகப் போக ஷாட்டைச் சின்னதாக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் செய்தோம், ஆனால் கடைசி ஷாட்டை மட்டும் நீளமாக விட்டோம். சின்னச் சின்ன வெட்டுகளுக்குப் பிறகு 14 விநாடி அசையாத ஒரு ஷாட் வந்தால் மூச்சு முட்டும். எங்கள் ரஃப் கட்டில், அதாவது முதல் தோராய எடிட்டில், செருப்பு ஷாட் இரண்டாவது விசிலுக்குப் பிறகுதான் இருந்தது. அதை முதல் விசிலுக்குப் பின்னால் நகர்த்தியதுதான் மொத்த வேலையிலும் பெரிய மாற்றம். புதிதாக எதுவும் எடுக்கவில்லை. நீங்களும் டைம்லைனில் இதைச் செய்து பாருங்கள்: ஆபத்தைச் சொல்லும் ஷாட் எதுவோ, அதைப் பாதிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அப்புறம் கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டி, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். எந்த விநாடியில் அவர் நிமிர்ந்து உட்காருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடைசி ஷாட்டில் சமையலறை காலியாக இருக்கும். பாதி நறுக்கிய வெங்காயம், கத்தி, அடுப்பில் குக்கர். மூன்றாவது விசில் வருகிறது. அணைக்க யாரும் வரவில்லை. நான்காவது விசில் ஆரம்பிக்கும்போது திரை இருண்டு டைட்டில் வரும், விசில் மட்டும் தொடரும். இரண்டாவது தடவை வகுப்பில் போட்டபோது, அந்த இருட்டில் பின் வரிசையிலிருந்து ஒரு பையன் வாய்விட்டே சொன்னான்: "யாராவது போய் அடுப்ப அணைங்கப்பா."